திரும்பி வந்தவனின் சிரிப்பு

மௌனப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாங்கள் தயாராக வைத்திருக்கும் வாக்கியம் ஒன்றுண்டு: மௌனத்திற்கு மொழியில்லை, ஆதலால் அது எல்லா மக்களுக்கும் உரியது. சாப்ளினைக் குறித்துத் தமிழில் எழுதப்பட்ட கட்டுரைகள் பலவும் இந்த வாக்கியத்தில் தொடங்கி இதிலேயே முடிகின்றன. நாங்களும் அப்படி எழுதியிருக்கிறோம். திரையிடல்களுக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லியுமிருக்கிறோம். கேட்பதற்கு இனிமையான வாக்கியங்களுக்கு நேர்வதுதான் இதற்கும் நேர்ந்தது. ஒருவரும் இதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

ஜவ்வாது மலையில் ஓர் இரவு அதைச் சோதிக்க நேர்ந்தது. அந்த இரவுக்குப் பிறகு அவ்வாக்கியத்தைப் பழைய நம்பிக்கையுடன் சொல்ல எங்களால் இயலவில்லை. ஆனால் சாப்ளின் மீதான எங்கள் மதிப்பு கூடியிருக்கிறது. முரண்போலத் தோன்றும் இதை விளக்கிக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

படம், 'தி கோல்ட் ரஷ்'. 1925 ஜூன் 26 அன்று ஹாலிவுட்டில் முதலில் திரையிடப்பட்டது. நூறாண்டுகள் கடந்துவிட்டன. 2025-ல் கான் திரைப்பட விழாவில் அதன் புதுப்பிக்கப்பட்ட பிரதியைக் காட்டினார்கள். உலகின் பெரிய விழாக்களில் கொண்டாடப்படும் ஒரு படம் மலைக்கிராமத்துப் பள்ளிச் சுவரில் என்னவாகிறது என்பதே எங்கள் கேள்வி.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சமவெளியினருக்கு அந்த மலை தெரிவது காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தாலும், ஜமுனாமரத்தூரில் நடக்கும் கோடைவிழாவாலும்தான். மலையில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தின் மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, தமிழ் பேசுகிறவர்கள். சாமையும் கேழ்வரகும் விளைவிப்பவர்கள். புளியும் தேனும் கடுக்காயும் சேகரிப்பவர்கள். மலைக்கு வடக்கேயும் மேற்கேயும் சமவெளியில் ஆம்பூர், வாணியம்பாடி முதலிய தோல் நகரங்கள் இருக்கின்றன. உலகம் அணியும் காலணிகளில் ஒரு பங்கு அங்கே தைக்கப்படுகிறது. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மலையில் ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர் குழந்தைகளுக்கு ஏதாவது படம் போடும்படி அழைத்திருந்தார். படவீழ்த்தி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏறினோம். இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துப் பள்ளிச் சுவரில் கட்டியாயிற்று. குழந்தைகளுக்கென்று ஏற்பாடு செய்யப்பட்ட காட்சிக்கு ஊரே வந்துவிட்டது. அறுபது எழுபது பேர் இருக்கலாம். குழந்தைகள் முன்வரிசையில், பின்னால் பெண்களும் முதியவர்களும். நடுவயது ஆண்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னிரவில்தான் அது எங்கள் புத்தியில் ஏறியது.

முதல் தவறு எங்களுடையது. நாங்கள் கொண்டுபோயிருந்தது 1942-ல் சாப்ளின் மறுபடி வெளியிட்ட வடிவம். அதில் எழுத்து அட்டைகளை நீக்கிவிட்டு, தாமே ஆங்கிலத்தில் கதைசொல்லியாகப் பேசியிருப்பார், இசையும் சேர்த்திருப்பார். படத்தையும் 72 நிமிடங்களாகச் சுருக்கியிருப்பார். ஆங்கிலம் அங்கே உதவாது என்பதால் ஒலியை நிறுத்திவிட்டு எங்களில் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வருவதென்று முடிவு செய்திருந்தோம். நண்பர் திரைக்கு அருகில் நின்று தொடங்கினார். அலாஸ்கா என்பது பனி சூழ்ந்த பிரதேசம், அங்கே தங்கம் கிடைப்பதாக ஒரு செய்தி பரவியது என்று விளக்கினார். ஐந்து நிமிடம் போயிருக்காது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "சார், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. எங்களுக்குத் தெரியுது."

நண்பர் உட்கார்ந்துவிட்டார். பிறகு நிலவிய மௌனத்தில் படம் ஓடியது.

இதைக் கொண்டு, பார்த்தீர்களா, மௌனம் அனைவருக்கும் புரிகிறது என்று நிறுவிவிடலாம். அப்படிச் செய்ய நாங்கள் விரும்பவில்லை. மௌனம் மட்டுமே போதுமென்றால் அக்காலத்தின் நகைச்சுவைப் படங்கள் அனைத்தும் இன்று உயிரோடு இருக்க வேண்டும். 1910-களிலும் 20-களிலும் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்ட துரத்தல், விழுதல், கேக் வீச்சுப் படங்களில் பெரும்பாலானவற்றை இன்று ஆய்வாளர்கள் அன்றி யாரும் பார்ப்பதில்லை. அவையும் பேசாதவைதான். நம் ஊரிலும் மௌனம் தன்னந்தனியாக நின்றதில்லை. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படவீழ்த்தியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். அதிலிருந்து 1931-ல் 'காளிதாஸ்' பேசும்வரை, தமிழகத்துக் கொட்டகைகளில் திரைக்கருகே நின்று கதை சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். திரையில் நடப்பதை அவர்கள் விளக்கினார்கள், வசனம் பேசினார்கள். மௌனப்படம் என்பது நம்மைப் பொறுத்தவரை ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த படம். சாப்ளினே 1942-ல் அந்த ஆளின் இடத்தில் போய் நின்றார் என்று சொல்லலாம். பேசும்படங்களுக்குப் பழகிவிட்ட பார்வையாளர்களை நம்ப அவருக்குத் துணிவில்லை, எங்களுக்கும் இல்லை. அந்தச் சிறுமிக்கு இருந்தது.

ஆக, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. மௌனம் இந்தப் படத்தில் எதைச் சுமக்கிறது?

பசியை என்பது எங்கள் விடை. இது புதிய கண்டுபிடிப்பல்ல. ஆனால் பசியைப் பற்றிய படம் என்று சொல்வதற்கும், பசித்தவன் எடுத்த படம் என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. ஏழு வயதில் லண்டனின் ஆதரவற்றோர் விடுதிக்கு அனுப்பப்பட்ட சிறுவன் சாப்ளின். இந்தக் கதை அவருக்கு எப்படிப் பிறந்தது என்பதைத் தன் வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். நண்பர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் வீட்டில் சில இரட்டைப் புகைப்படங்களைப் பார்க்கிறார். கிளாண்டைக் தங்க வேட்டைக்குச் சென்றவர்கள் சில்கூட் கணவாயில் பனிமலை மீது எறும்புச் சாரிபோல ஏறும் காட்சி அதில் ஒன்று. பிறகு டோனர் குழுவைப் பற்றிய நூலொன்றைப் படிக்கிறார். 1846-47 குளிர்காலத்தில் சியர்ரா நெவாடா மலையில் பனியில் சிக்கிய அக்குழுவினர் தோலை வேகவைத்துத் தின்றார்கள், காலணிகளைத் தின்றார்கள், கடைசியில் இறந்தவர்களின் உடல்களையும். இதைப் படித்த ஒருவருக்கு நகைச்சுவைப் படம் எடுக்கத் தோன்றியது என்பதை நிதானமாக யோசித்தால் நடுக்கமாகவே இருக்கிறது.

அந்த நடுக்கத்திலிருந்து வந்ததுதான் திரைப்பட வரலாற்றின் மிகப் பிரபலமான விருந்து. புயலில் சிக்கிய குடிசையில் சார்லியும் பிக் ஜிம்மும். உணவு தீர்ந்துவிட்டது. சார்லி தன் காலணிகளில் ஒன்றைக் கழற்றி வேகவைக்கிறான். முள்கரண்டியால் குத்திப் பதம் பார்க்கிறான். வேகவைத்த நீரை அதன் மீது குழம்புபோல ஊற்றுகிறான். மேல்தோல் ஜிம்முக்குப் போகிறது. சார்லிக்கு ஆணிகள் நிறைந்த அடிப்பாகம். கயிற்றைக் கரண்டியில் சுற்றி உண்கிறான். ஆணிகளை எலும்புபோல உறிஞ்சித் தட்டின் ஓரத்தில் வைக்கிறான். படப்பிடிப்புக்காக அந்தக் காலணி அதிமதுரத்தில் செய்யப்பட்டது. காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்துத் தின்றவர்களின் வயிறு கெட்டுப்போனதாகச் சொல்வார்கள்.

குழந்தைகள் உருண்டு சிரித்தார்கள். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி சற்று உரக்கக் கேட்டார்: "உப்பு போட்டானா அவன்?"

அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. சில நிமிடங்களுக்கு முன்னால், பசி பொறுக்காத சார்லி மெழுகுவர்த்தித் துண்டொன்றின் மீது உப்பைத் தூவிக் கடித்துத் தின்னும் காட்சி வந்திருந்தது. அதைப் பாட்டி கவனித்திருக்கிறார். மெழுகுக்கு உப்பு போட்டவன் தோலுக்குப் போட்டானா என்பது அவருடைய கேள்வி. படம் முடிந்தபின் அவரிடம் பேசினோம். சிறுவயதில் மழை பொய்த்த ஆண்டுகளில் காட்டுக்கிழங்கு தின்றதைச் சொன்னார். சில கிழங்குகள் கசக்கும், தொண்டையில் அரிக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைக்க வேண்டும். குத்திக் குத்திப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் வாய் புண்ணாகிவிடும். "பசிக்குதுன்னு அள்ளித் திங்க முடியாது கண்ணு. அப்பதான் பொறுமையா ஆக்கணும். அந்தப் பையன் பொறுமையா ஆக்குறான்."

இருபதாண்டுகளாக இந்தக் காட்சியைப் பற்றிப் பேசிவந்த எங்களுக்கு அந்தச் சொல் கிடைத்திருக்கவில்லை. நாங்கள் அதை 'பாவனை' என்று எழுதியிருக்கிறோம். வறியவன் செல்வந்தனின் உணவு மேசையைப் போலிசெய்கிறான், மேல்தட்டின் நாகரிகத்தைப் பகடி செய்கிறான் என்றெல்லாம் விளக்கியிருக்கிறோம். அந்த விளக்கம் தவறென்று இப்போதும் சொல்ல மாட்டோம். ஆனால் அது வயிறு நிறைந்தவர்களின் விளக்கம். மோசமான உணவுக்குத்தான் சமையலில் கவனம் அதிகம் தேவை என்பது பசியை அறிந்தவர்களின் அறிவு. சார்லி கரண்டியால் குத்திப் பதம் பார்க்கும் அசைவில் சாப்ளின் சேமித்து வைத்திருப்பது அந்த அறிவைத்தான். சிரிப்பு அந்தத் துல்லியத்திலிருந்து வருகிறது. துல்லியம் இருப்பதால்தான் நூறாண்டுகளுக்குப் பிறகும், அலாஸ்காவைக் கேள்விப்படாத ஒருவர், உப்பைப் பற்றிக் கேட்க முடிகிறது.

முன்வரிசையில் வேறொரு சிரிப்பும் இருந்தது. ஒரு சிறுவன் தன் நண்பனிடம் சொன்னான்: "உங்க அக்கா தைக்கிற ஷூ டா." அந்த அக்கா ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாளாம். யாரோ தின்னும் காலணியை யாரோ தைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அதுவரை தோன்றாத கோணம்.

பசியின் மறுபக்கம், அது மனிதர்களை எங்கே நடத்திச் செல்கிறது என்பது. படத்தின் முதல் காட்சியே அதுதான். மலைச்சரிவில் முடிவற்ற வரிசையில் மனிதர்கள் ஏறுகிறார்கள். கலிபோர்னியாவின் டிரக்கி என்னும் இடத்தில் அதைப் படமாக்கச் சுமார் 600 பேரை அழைத்து வந்தார் சாப்ளின். அவர்களில் பலர் வேலையற்றுத் திரிந்தவர்கள். பசித்தவர்களின் வேடத்தைப் பசித்தவர்களே ஏற்றார்கள். உண்மையான கிளாண்டைக் வேட்டைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிளம்பியதாகக் கணக்கிடுகிறார்கள். தங்கத்தைக் கண்டவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே.

அந்த வரிசை திரையில் தெரிந்தபோது ஒரு குழந்தை கேட்டது: "இவங்க எல்லாம் எங்க போறாங்க?" இருட்டிலிருந்து ஒரு பெண்குரல் பதில் சொன்னது: "கூலிக்கு."

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அந்தக் கணத்தில் அதன் பொருள் முழுதாகப் புரியவில்லை.

ஜவ்வாது மலையிலிருந்து ஆண்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகிறார்கள். சமவெளியின் கட்டட வேலைக்கும் ஆலைகளுக்கும் போகிறார்கள். இவை தவிர இன்னொரு போக்கும் உண்டு. தரகர்கள் வந்து, சமவெளிக் கூலியைவிடப் பலமடங்கு தருவதாகச் சொல்லி, ஆந்திரத்தின் சேஷாசலம் காடுகளுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் தனிப்படை சுட்டதில் இருபது பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். ஜவ்வாது மலைக் கிராமத்தினரும் அதிலிருந்தார்கள். மரத்தை வாங்கியவனும் விற்றவனும் அந்தக் காட்டில் இல்லை. இறந்தவர்கள் கூலிகள்.

செம்மரத்தைச் சிவப்புத் தங்கம் என்று செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம். அந்த அடைமொழியை நாங்களும் பலமுறை வாசித்துக் கடந்திருக்கிறோம். அன்றிரவு அந்தப் பெண்ணின் ஒற்றைச் சொல் எங்களை நிறுத்தியது. தங்க வேட்டை என்ற படத்தை இந்த மலையில் போடுகிறோம் என்ற எண்ணமே இல்லாமல்தான் நாங்கள் ஏறிப்போயிருந்தோம். காலணிக் காட்சிக்குக் குழந்தைகள் சிரிப்பார்கள் என்பது மட்டுமே எங்கள் கணக்கு.

இப்படிப்பட்ட மனிதர்கள் முன்னிலையில் ஒரு நகைச்சுவைப் படம் எப்படி நிற்க முடியும்? அவர்களைப் புண்படுத்தாமல் எப்படி ஓட முடியும்? ஆனால் அது ஓடியது. அவர்கள் சிரித்தார்கள், மனம்விட்டுச் சிரித்தார்கள். இதற்கான காரணத்தை மேலைநாட்டுத் திரைக்கோட்பாடுகளில் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். இந்த மலையின் அடிவாரம் தெருக்கூத்தின் நிலம். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் எங்கே நிற்கிறான்? அரசர்களுக்குக் கீழே, பார்வையாளர்களுக்கு அருகில். திரௌபதி துகிலுரியப்படும் இரவில்கூட அவன் கேலி பேசுவான். மக்கள் சிரிப்பார்கள், அடுத்த கணமே அழுவார்கள். சிரித்ததால் அழுகை குறைவதில்லை. இந்தப் பயிற்சி உள்ள பார்வையாளர்களுக்கு, பட்டினியை நகையாக்குவது எப்படி என்று சாப்ளின் கற்றுத்தர வேண்டியதில்லை. கட்டியங்காரன் ஓயாமல் பேசுகிறவன், சார்லி பேசாதவன் என்பதுதான் வேறுபாடு. இருவரும் நிற்கும் இடம் ஒன்று. நம் நவீன இலக்கியத்தில் வறுமையைச் சிரித்துக்கொண்டே எழுதிய புதுமைப்பித்தனுக்கும் அந்த இடத்தோடு உறவுண்டு. அவரை வாசித்தவர்கள் இதை உடனே உணர்வார்கள்.

படத்தின் இன்னொரு புகழ்பெற்ற பகுதி ரொட்டி நடனம். இரண்டு முள்கரண்டிகளில் இரண்டு ரொட்டிகளைச் செருகி, கால்களைப்போல ஆட்டிக் காட்டுவது. பெர்லினில் முதற்காட்சியின்போது பார்வையாளர்களின் ஆரவாரம் தாங்காமல் அந்தச் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் ஓட்டினார்கள் என்று ஒரு செய்தி உண்டு. ஆனால் இந்த வித்தையைச் சாப்ளின் கண்டுபிடிக்கவில்லை. 1917-லேயே ராஸ்கோ ஆர்பக்கிள் 'தி ரஃப் ஹவுஸ்' படத்தில் இதைச் செய்துவிட்டார். ஆர்பக்கிளின் ரொட்டி நடனம் இன்று அடிக்குறிப்புகளில் மட்டும் இருக்கிறது. சாப்ளினுடையது நிலைத்திருக்கிறது. வித்தை ஒன்றுதான், கரண்டியும் ரொட்டியும் ஒன்றுதான். எது வேறு?

ஆர்பக்கிள் சாப்பாட்டு மேசையில் விளையாடுகிறார். சார்லியோ புத்தாண்டு இரவில் விருந்தினர்களுக்காகக் காத்திருக்கிறான். நடனக்கூடத்துப் பெண் ஜார்ஜியாவும் தோழிகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டாகச் சொன்னதை அவன் நம்பிவிட்டான். பனி அள்ளிக் கூலி சேர்த்து விருந்து சமைக்கிறான். மேசையை அலங்கரிக்கிறான். காத்திருந்து கண்ணயர்கிறான். அவர்கள் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டதற்காக அவன் ஆடிக்காட்டும் நடனம் அது. கனவு. விழித்தால் அறை காலி. முன்பு உணவில்லாமல் இருந்தவனிடம் இப்போது உணவு இருக்கிறது, உண்ண வருபவர்தான் இல்லை. பசியின் இரண்டாம் வடிவம் இது. ஜவ்வாது மலையில் இந்தக் காட்சிக்குக் குழந்தைகள் கைதட்டினார்கள். அறை காலியாகத் தெரிந்தபோது பெண்கள் பகுதியில் உச்சுக்கொட்டும் ஒலி கேட்டது. சமைத்து வைத்துவிட்டு வராதவர்களுக்காகக் காத்திருப்பதை அவர்கள் அறிவார்கள்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். சாப்ளின் மிகையுணர்ச்சிக்காரர், கண்ணீரைக் கேட்டு வாங்குபவர், உண்மையான மௌனக் கலைஞர் பஸ்டர் கீட்டன்தான் என்பது திரைப்பட ஆர்வலர்களிடையே நெடுநாளாக நிலவும் கருத்து. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952-ல் நடத்திய விமர்சகர் கணிப்பில் 'சிட்டி லைட்ஸ்', 'கோல்ட் ரஷ்' இரண்டும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் கணிப்பிலும் 'கோல்ட் ரஷ்' இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் 1972, 1982 ஆண்டுகளின் 'சைட் அண்ட் சவுண்ட்' முதற்பத்தில் கீட்டனின் 'தி ஜெனரல்' வந்தது, சாப்ளின் இல்லை. எங்களுக்குள்ளும் இந்தக் கட்சி உண்டு. எங்களில் இருவர் கீட்டன் கட்சி. கீட்டனின் வடிவ நேர்த்தியை, அசையாத அந்த முகத்தின் பெருந்தன்மையை நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் மிகையுணர்ச்சி என்ற குற்றச்சாட்டு எந்த இடத்திலிருந்து எழுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் உணர்வு மிகை என்று தோன்றுவதற்கு, அதற்கான காரணம் சிறிதென்று தோன்ற வேண்டும். விருந்துக்கு ஆள் வரவில்லை என்பது நமக்குச் சிறிய காரணம். அதனால் இசை சற்று உருகினாலும் கூசுகிறோம். மலையில் அன்றிரவு இசையே இல்லை, ஒலியை நிறுத்தியிருந்தோம். அறை காலியாகத் தெரிந்தது, அவ்வளவுதான். உச்சுக்கொட்டியவர்கள் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் உச்சுக்கொட்டினார்கள். எங்கள் கீட்டன் நண்பர்களில் ஒருவர் இறங்கும் வழியில் இதை ஒப்புக்கொண்டார். மற்றவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அவருடைய உரிமை.

இனி முடிவைப் பற்றி. 'கோல்ட் ரஷ்' மீது எங்களுக்கு இருந்த பெரிய மனக்குறை அதன் முடிவுதான். ஜிம்மும் சார்லியும் தங்கச் சுரங்கத்தைக் கண்டுபிடித்துக் கோடீசுவரர்களாகிக் கப்பலில் திரும்புகிறார்கள். பத்திரிகையாளர்களுக்காகப் பழைய கந்தலை அணிந்து படமெடுக்கச் சம்மதிக்கும் சார்லி, பின்வாங்கி நகர்ந்து கீழ்த்தளத்தில் விழுகிறான். அங்கே ஜார்ஜியா. அவனைக் கட்டணமின்றிப் பயணம் செய்பவன் என்று எண்ணி, அவனுடைய பயணக் கட்டணத்தைத் தானே தருவதாகச் சொல்கிறாள். பிறகு உண்மை தெரிகிறது. 1925 வடிவம் ஒரு முத்தத்துடன் முடியும். 1942-ல் சாப்ளின் அதை வெட்டிவிட்டார், இருவரும் படியேறிப் போவதோடு முடித்தார். எப்படியாயினும் அது சுபமுடிவு. பசியைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசிய படம், கடைசியில் லாட்டரிச் சீட்டை நீட்டுகிறதே என்று வருந்தியிருக்கிறோம். லட்சம் பேர் போய்ச் சில ஆயிரம் பேர் கண்ட தங்கத்தை, இந்த நாடோடி காண்பது பொய் அல்லவா?

படம் முடிந்து படவீழ்த்தியை அணைத்ததும், பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் நண்பர் கேட்டார், முடிவு எப்படியிருக்கிறது, பணக்காரனாக்கிவிட்டார்களே என்று. பெரியவர் அந்தக் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"திரும்பி வந்துட்டான் இல்ல சார்," என்றார். "அது போதும்."

தங்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலை மட்டும் பார்த்திருந்தார். போனவன் உயிரோடு திரும்புகிறான். நாங்கள் நாற்பதாவது முறையாகப் பார்த்த படத்தில் அது ஒரு வீடுதிரும்பும் கதை என்பதை அன்றுதான் பார்த்தோம். பனிப்பாறை சரிந்து பிளாக் லார்சன் இறக்கிறான், சார்லி இறக்கவில்லை. குடிசை மலைவிளிம்பில் ஊசலாடி விழுகிறது, அவன் விழவில்லை. கரடி பின்தொடர்கிறது, அவன் அறியாமலே தப்புகிறான். படம் முழுவதும் அவன் செய்வது சாகாமல் இருப்பதுதான். ஒவ்வொரு தப்பித்தலும் ஒரு சிரிப்பு. சிரிப்பு என்பது இந்தப் படத்தில் உயிர் மிஞ்சியதன் ஒலி. தங்கம் அந்தத் திரும்புதலுக்கான பயணச்சீட்டு மட்டுமே. சுபமுடிவைப் பொய் என்று நாங்கள் சொல்லிவந்தது, திரும்பி வருவதை எளிய விஷயமாக நாங்கள் எடுத்துக்கொண்டதால்தான்.

இந்தப் படம் நிலைத்திருப்பதன் காரணம் மொழியின்மை என்ற பழைய வாக்கியத்தை ஆகவே கைவிடுகிறோம். ஒவ்வோர் இடத்திலும் மனிதர்கள் எதை இழக்க அஞ்சுகிறார்களோ, அதை வைத்து இப்படத்தைப் பார்க்க முடிகிறது. பார்க்கும்போது ஒவ்வோர் அசைவும் சரியாக இருக்கிறது. அதுவே காரணம் என்று நினைக்கிறோம். குஜராத்தின் ஆதிப்பூரில் 1966-ல் ஒரு தட்டச்சர் வேலைக்குப் போகும் வழியில் 'கோல்ட் ரஷ்' சுவரொட்டியைப் பார்த்து நின்றார். அன்று வேலைக்குப் போகாமல் அதே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், வேலை போயிற்று. பின்னாளில் ஆயுர்வேத மருத்துவரான அவர் 1973-ல் தொடங்கிய சாப்ளின் அமைப்பு, ஏப்ரல் 16-ல் சாப்ளினின் பிறந்தநாளை ஊர்வலமாகக் கொண்டாடுவதை வழக்கமாக்கியது. ஆதிப்பூர், பிரிவினையின்போது சிந்திலிருந்து வந்த அகதிகளுக்காக உருவான நகரம். வீடிழந்தவர்களின் ஊரில் வீடற்ற ஒருவனுக்கு ஊர்வலம் என்பதில் எங்களுக்கு வியப்பில்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கலாம். நகரங்களில் நடக்கும் சாப்ளின் திரையிடல்களில் படத்திற்கு முன்னால் ஒருவர், பின்னால் மூவர் பேசுவது வழக்கம். அந்த நால்வரில் நாங்களும் இருந்திருக்கிறோம். இனி இந்தப் படங்களை மலைகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார வேண்டும். கேட்டுக்கொள்வதற்கு அங்கே நிறைய இருக்கிறது.

மறுநாள் காலை இறங்கும்போது, முந்தைய இரவு "கூலிக்கு" என்று பதில் சொன்ன பெண் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். குரலை வைத்து அடையாளம் கண்டோம். யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று நண்பர் கேட்டார். ஆமென்று தலையசைத்தார். பேருந்து வந்தது. இறங்கியவர்களில் அவர் எதிர்பார்த்தவர் இல்லை. அடுத்தது மதியம்தான் என்று சொல்லிவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் ஏறிக்கொண்டோம்.